சாராளின் போர்வைக்கு நான் போட்ட ஓரம்

போன வாரம் ஆம்பூர் கடைத்தெருவில் தலையணை உறை வாங்கப் போனேன். தலையணை உறை கேட்டவனுக்கு அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விரித்துக் காட்டுவதுதான் ஜவுளிக்கடைக்காரர்களின் தர்மம். அந்தக் கடைப் பையன் தடிமனான ஒரு போர்வையை உதறி மேசை மேல் போட்டான்.

"உள்ள சுத்தமான ஆட்டு ரோமம் பெரியவரே. கைய வச்சுப் பாருங்க, சூடு தெரியும்."

நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பிரம்பைக் கண்டால் அப்படித்தான் கட்டிக்கொள்வேன்.

"இன்னா பெரியவரே, கடிச்சுடுமா?" என்றான்.

கடைப்படி இறங்கி வந்துவிட்டேன். உறையும் வாங்கவில்லை. என் பழைய உறையில் ஏறியிருக்கும் எண்ணெய்க்கு, இன்னும் ஒரு மாதம் போனால் அதைப் பதனிட்ட தோல் என்று சொல்லிக் கப்பலில் ஏற்றிவிடலாம். இருக்கட்டும்.

ஆட்டு ரோமத்துக்கு ஒரு வாசனை உண்டு. ஈரமான மண்ணும் பழைய நெய்யும் கலந்த மாதிரி. மூக்குக்கு இவ்வளவு ஞாபகசக்தி இருப்பது அநியாயம். என் வாலிபத்தில் எனக்குத் தெரிந்த வாசனைகள் எல்லாமே தோல் பதனிடும் ஷாப்பின் வாசனைகள்தான். ஊற வைத்த ஆவாரம்பட்டை, நீற்றிய சுண்ணாம்பு, கடுக்காய், இவற்றுக்கெல்லாம் அடியில் எப்போதும் இருக்கும் இன்னொன்று. அதற்குப் பெயர் வேண்டாம். பாலாற்றங்கரையில் இருந்த ஒரு தோல் ஷாப்பில், தோல் பிரிக்கும் கொட்டகையில் எனக்கு எழுத்து வேலை. வந்து இறங்கும் ஆட்டுத்தோல்களை ஆட்கள் தரம் பார்த்துக் குவிப்பார்கள். எந்தக் குவியலில் எத்தனை என்று நான் எழுதுவேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது தெரு நாய்கள் எல்லாம் மரியாதையோடு பின்னால் வரும். ஒரு மகான் போவது போல இருக்கும்.

பெண் பார்க்கப் போன அன்று இந்த வாசனையை மறைக்க அரை சீசா அத்தரைச் சட்டையில் கவிழ்த்துக்கொண்டு போனேன். பெண் வீட்டார் சன்னல்களை எல்லாம் திறந்துவிட்டார்கள். காற்றோட்டத்துக்கு என்று நினைத்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்துத்தான் சாராள் சொன்னாள்: "பூக்கடைக்குள்ள எருமை பூந்த மாதிரி இருந்துச்சு. சிரிப்ப அடக்க முடியாமத்தான் தலைய குனிஞ்சிட்டிருந்தேன். நீங்க வெட்கம்னு நெனச்சிட்டீங்க."

அப்படித்தான் நினைத்திருந்தேன். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லியும் வைத்திருந்தேன்.

சாராள் வேலூரில் ஒரு மிஷன் விடுதிப் பள்ளியில் படித்தவள். என்னைவிட நாலு விரற்கடை உயரம். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து வேதக்கோயிலுக்குப் போகும்போது நான் ஓரமாக இருக்கும் மேட்டில் நடப்பேன். அவள் கொண்டுவந்த தகரப் பெட்டியில் ஒரு ஒட்டுப்போர்வை இருந்தது. தையல் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்து தைத்தது. விடுதியில் அவளோடு இருந்த பெண்கள் ஆளுக்கொரு துணி கொடுத்திருக்கிறார்கள்: கிழிந்த பாவாடை, சின்னதாகிப்போன ரவிக்கை, ஒருத்தியின் செத்துப்போன தம்பியுடைய சட்டை. ஒவ்வொரு துண்டையும் காட்டி இது இன்னார் கொடுத்தது என்று சொல்வாள். உள்ளே பஞ்சு வைத்து, நெல் அளவு தையலாகப் போட்டு, கடைசி மூலையில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு. அந்த முடிச்சு போட்டுவிட்டால் போர்வை முடிந்தது என்று அர்த்தமாம். அதற்கு மேல் ஊசி வைக்கக் கூடாது என்பது அந்த விடுதிப் பெண்களுக்குள் ஒரு பழக்கம்.

போர்வை நன்றாகத்தான் இருந்தது. ஒரே குறை, அது விடுதிக் கட்டிலின் அளவு. ஒரு பெண்ணுக்கு எடுத்தது. மார்கழியில் ஆலங்காயத்து மலைப் பக்கமிருந்து இறங்கும் குளிர் இருக்கிறதே, அது ஆம்பூரில் என் வீட்டு விலாசத்தைக் கேட்டுக்கொண்டுதான் வரும். முதல் வருஷம் நானும் அவளும் இழுத்துக்கொண்டு சமாளித்தோம். இழுவையில் நான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். அவள் விட்டுக்கொடுத்தாள் என்பது வேறு விஷயம். இரண்டாம் வருஷம் மகள் பிறந்து நடுவில் படுத்துக்கொண்டாள். இப்போது மூன்று பேர், விடுதிக் கட்டில் அளவு.

"இதைப் பெருசாக்கிடலாம்" என்றேன் ஒரு நாள்.

"முடிச்சு போட்டது. பிரிக்க மாட்டேன்."

"பிரிக்க வேணாம். சுத்தி ஓரம் வைக்கலாம். முழ அகலத்துக்கு நாலு பக்கமும்."

அவள் யோசித்தாள். நான் விடவில்லை. என் பழைய வேட்டி இரண்டைக் கிழித்து ஆவாரம்பட்டைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் நல்ல காவி நிறம் ஏறும், துணிச் செலவே கிடையாது என்று காரியத்தை வர்ணித்தேன். எனக்கு எந்தத் திறமை இல்லாவிட்டாலும் வர்ணிக்கிற திறமை உண்டு. கடைசியில் குழந்தைக்காகச் சரி என்றாள். "உள்ள வைக்கப் பஞ்சு?" என்று கேட்டாள். "பஞ்சு எதுக்கு? நான் எங்க வேலை பாக்குறேன்னு மறந்துட்டியா?" என்றேன்.

இங்கே உங்களுக்குத் தொழில் விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வந்து இறங்கும் ஆட்டுத்தோல் இரண்டு வகை. அறுத்த ஆட்டின் தோல் ஒன்று. நோயிலோ பட்டினியிலோ தானாக விழுந்த ஆட்டின் தோல் இன்னொன்று. முதலாவதை 'அறுப்பு' என்றும் இரண்டாவதைச் 'சாவு' என்றும் சொல்வோம். இரண்டும் தனித்தனிக் குவியல். தோல் சுண்ணாம்புக் குழியில் ஊறிய பிறகுதான் ரோமத்தை எடுப்பார்கள். அப்படி எடுத்த ரோமம் முரடாக இருக்கும், கை அரிக்கும், ஆற்றில் பத்து நாள் அலசினால்தான் வீட்டுக்கு ஆகும். ஆனால் பெல்லாரிப் பக்கமிருந்து வரும் சாவுத் தோல்களில், கத்தரிக்காமலே விழுந்த செம்மறிகளின் ரோமம் நீளமாக, பட்டு மாதிரி நிற்கும். ஊறப் போடுவதற்கு முன் கத்தரித்தால் அலசவே வேண்டாம். இந்த யோசனை வேறு யாருக்கும் வரவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொட்டகையிலேயே புத்திசாலி நான்தான் என்று முடிவு கட்டினேன்.

சாவுக் குவியலைத் தூக்கிப் போடுகிற வேலை சின்னப்பனுடையது. கை இரண்டிலும் வேப்பெண்ணெய் பூசிக்கொண்டுதான் அதைத் தொடுவான். மத்தியானச் சாப்பாட்டு வேளையில், ஆளில்லாத சமயமாகப் பார்த்து நான் கத்தரியும் கோணியுமாக உட்கார்ந்திருந்தபோது வந்துவிட்டான்.

"ஐயா, இன்னா பண்றீங்க?"

"ஆட்டுக்குச் சவரம் பண்றேன்."

"சாவுல இருந்து மயிரு எடுக்காதீங்க ஐயா. நாங்க யாரும் ஊட்டுக்கு எடுத்துனு போக மாட்டோம். அப்படியே சுண்ணாம்புக் குழியில தள்ளிடுவோம்."

"ஏன், ஆவி வந்து கேக்குமா?"

"ஏன்னு தெரியாது. எங்கப்பன் எடுக்க மாட்டான், நானும் எடுக்க மாட்டேன்."

"எனக்கு ஆடு சினேகம் சின்னப்பா. ஒண்ணும் சொல்லாது." அவன் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்குச் சிரிக்காதவர்களை மூடர்கள் என்று எண்ணும் வியாதி அப்போது எனக்கு இருந்தது. ஷாப்பிலிருந்து ரோமம் எடுத்துப் போகிறவனுக்கு மறுநாள் வேலை கிடையாது என்பது முதலாளியின் உத்தரவு. அதனால் "யார்ட்டயும் சொல்லிடாதே" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் சாராள் கோணியை அவிழ்த்து ரோமத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இவ்ளோ மெத்துனு இருக்கே. எந்த ஆடு?"

"அறுத்தது. முதல் தரம். பத்து நாள் ஆத்துல அலசி வாங்கினேன்."

எதற்காக அந்தப் பொய் என்று இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அருவருப்புப்படுவாள் என்று நினைத்திருக்கலாம். நல்ல சாமான் கொண்டுவந்த புருஷன் என்ற பெயருக்கு ஆசைப்பட்டிருக்கலாம். பொய் சொல்ல எனக்குப் பெரிய காரணம் எப்போதும் தேவைப்பட்டதில்லை.

மூன்று நாள் உட்கார்ந்து ரோமத்தைச் சிக்கெடுத்தாள். தூசு பறந்தது. எனக்குத் தும்மல் வருகிறது என்று நான் தெருவுக்குப் போய்விட்டேன். பக்கத்து வீட்டு ஹலீமா பீ வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னா சாராளு, ரஜாய் நாளுக்கு நாள் வளருது. ஊட்டுக்காரரும் கூடவே வளர்ந்தா தேவல" என்றாள். "அவரை நாலு பக்கமும் ஓரம் வச்சுத்தான் வளர்க்கணும் பூபு" என்றாள் சாராள். தெருவில் நின்ற எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். நாலாம் நாள் ஓரம் தைத்து முடிந்தது. அவள் நின்று இரண்டு கையாலும் தூக்கி விரித்துக் காட்டியபோது அவள் முகம் மட்டும்தான் மேலே தெரிந்தது. கன்னத்தில் ஒரு ரோம இழை ஒட்டியிருந்தது. நான்தான் ஊதிவிட்டேன்.

அதற்கு மூன்றாம் நாள், அவள் தாடைக்குக் கீழே ஊசி குத்தியது போல ஒரு சிவப்பு. மறுநாள் கொப்புளம். அதற்கு மறுநாள் நடுவில் கறுத்துவிட்டது.

"வலிக்குதா?"

"வலியே இல்லைங்க. அரிப்புதான்."

"பூபுவோட கண்ணு பட்டிருக்கும். திருஷ்டிப் பொட்டு அதுவா வந்துடுச்சு பாரு. உங்க வீட்டு வேதக்காரங்களுக்குத் தெரியாம வச்சுக்கோ" என்றேன்.

அவளும் சிரித்தாள். சிரிக்கும்போது வாய் ஒரு பக்கமாக இழுத்தது. கழுத்து வீங்க ஆரம்பித்திருந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அடுத்த நாள் காலை வீக்கம் தாடையிலிருந்து தோள் வரை இறங்கிவிட்டது. குழந்தையை ஹலீமா பீயிடம் விட்டுவிட்டு, ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, ஜட்கா வண்டி வைத்து வேலூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு தமிழ் டாக்டரம்மா பார்த்தார். நிதானமானவர். கறுத்த இடத்தைத் தொடாமல் ரொம்ப நேரம் பார்த்தார். சாராளைத்தான் முதலில் கேட்டார்.

"தோல், ரோமம், இப்படி எதையாவது தொட்டியாம்மா?"

"போர்வைக்கு ரோமம் வச்சேன். அலசுன ரோமம். அறுத்த ஆட்டோடது" என்றாள் சாராள், பேச முடியாமல் பேசி. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை அப்படியே ஒப்பித்தாள்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "உண்மைதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. செத்த ஆட்டு ரோமம்னா இது வேற நோய். அதுக்கு மருந்து இங்க இல்லை, மெட்ராஸுக்குத் தந்தி அடிக்கணும்."

அவ்வளவு தெளிவாகக் கேட்டார். குழப்பத்தில் சொல்லிவிட்டேன் என்று தப்பிக்க எனக்கு வழியே வைக்கவில்லை. சாராள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்கிறதை அவள் நம்பிக்கொண்டு படுத்திருந்தாள். வேலை போய்விடும் என்று ஒரு பக்கம். அதைவிட, அவள் கண் முன்னால் பொய்யனாக நிற்க வேண்டும் என்று ஒரு பக்கம்.

"அறுத்ததுதான் டாக்டரம்மா. முதல் தரம். அந்தப் போர்வைய விரிச்சா ஆடே வந்து படுத்துக்கும்" என்றேன்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டரம்மாவும் லேசாகச் சிரித்தார். "அப்போ வேற கட்டியா இருக்கலாம். கட்டு போட்டுப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். என் வாழ்நாளில் நான் சொன்னவற்றில் எல்லோரும் சிரித்த பேச்சு அது ஒன்றுதான்.

மறுநாள் மத்தியானம் சாராளுக்குக் காய்ச்சல் ஏறிக் கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டரம்மா கட்டை அவிழ்த்துப் பார்த்தார். அப்போதுதான் சொன்னேன். சாவுக் குவியல், அலசவில்லை, பெல்லாரி ஆடு, எல்லாம்.

"நேத்து கேட்டேனே" என்றார். கத்தவில்லை. "ஆடு மாடுங்களுக்கு வர்ற அடைப்பான் இது. நேத்தே தந்தி அடிச்சிருப்பேன்." வேகமாக வெளியே போனார்.

சாராள் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துத்தான் அவ்வளவையும் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"அறுத்ததுன்னு சொன்னீங்களே."

நான் எத்தனையோ கேள்விகளுக்குக் குறும்பாகப் பதில் சொன்னவன். அது கேள்வி இல்லை.

போர்வையை உடனே கொளுத்த வேண்டும், அந்த வீட்டில் இனி யாரும் அதைத் தொடக் கூடாது என்று டாக்டரம்மா உத்தரவிட்டார். நான் ஆம்பூருக்குப் போய்ச் சின்னப்பனிடம் சொன்னேன். மறுநாள் காலை சின்னப்பன் பாலாற்று மணலில் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொண்டுவந்து கொட்டினான். எனக்கும் கை நிறைய வேப்பெண்ணெய் பூசிவிட்டான்.

"ஓரத்தை மட்டும் பிரிச்சு எரிச்சா போதாதா? நடுவுல பஞ்சுதானே. நடுவுல படுத்த குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே" என்றேன். வீட்டிலிருந்து கொண்டுபோன அரிவாள்மணையை எடுத்து ஓரத் தையலை அறுக்கக்கூடப் போனேன். நெல் அளவு தையல். இழைக்கு இழை நெருக்கமாகப் போட்டிருந்தாள். என் மாதிரி ஆள் போட்டிருந்தால் இழுத்த இழுப்பில் வந்திருக்கும்.

"ஐயா, உடுங்க" என்று சின்னப்பன் என் கையைத் தள்ளிவிட்டுப் போர்வையைக் கோலால் குழிக்குள் தள்ளித் தீ வைத்தான். ரோமம் முதலில் பற்றியது. துணி மெதுவாகத்தான் எரிந்தது. செத்துப்போன தம்பியின் சட்டைத் துண்டு எது என்று எனக்குத் தெரியும். அது கடைசியில்தான் எரிந்தது.

அன்று மத்தியானம் திரும்பிப் போனபோது சாராள் நடுங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கம்பளி இரண்டு போட்டிருந்தார்கள்.

"என் போர்வைய கொண்டாரலையா?"

"வண்ணான் கிட்ட போட்டிருக்கேன். நல்லாத் துவைச்சுக் கொண்டாரேன்னு சொல்லியிருக்கான்."

"மார்கழில எங்க காயும்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஓரம் வேணாம். நடுவுல இருக்குறது மட்டும் போதும்" என்றாள். சரி என்றேன். மறுநாள் காலை எட்டு மணி இருக்கும், போய்விட்டாள். மெட்ராஸிலிருந்து மருந்துப் பெட்டி அன்று மத்தியான வண்டியில் காட்பாடி வந்து இறங்கியது. நேற்று வந்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. நல்ல மனுஷி. அவருக்கு என் அளவுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

மகளை வளர்த்தேன். ஹலீமா பீ வளர்த்தாள் என்பதுதான் சரி. நான் பக்கத்தில் இருந்தேன். அம்மாவுக்கு விஷக்காய்ச்சல் என்று மகளுக்குச் சொல்லி வைத்தேன். அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு நாள், "அம்மா கையால தைச்சது ஏதாவது இருக்காப்பா?" என்று கேட்டாள். "ஒரு போர்வை இருந்துச்சும்மா. பாலாத்து வெள்ளத்துல போய்டுச்சு" என்றேன். ஆற்றில் கரை தட்டத் தண்ணீர் போன வருஷம் அது. நம்பிவிட்டாள்.

தோல் ஷாப்பு இருந்த இடத்தில் இப்போது பெரிய மதில் எழும்பிவிட்டது. உள்ளே இரும்புப் பீப்பாய்கள் சுற்றுகின்றன. சாவுக் குவியல் என்றால் அங்கே இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது. அடைப்பானுக்கு ஆட்டுக்கே ஊசி போட்டுவிடுகிறார்களாம். மனுஷனுக்கு வந்தாலும் ஒரு வாரம் மருந்து கொடுத்து அனுப்பிவிடலாம் என்று ஒரு சின்ன வயது டாக்டர் எனக்குச் சொன்னார்; யாருக்கோ வந்ததாகச் சொல்லித்தான் கேட்டேன். டாக்டரம்மா, சின்னப்பன், ஹலீமா பீ, அன்று சிரித்த நர்ஸ், ஒருவரும் இல்லை. நடந்ததை அருகிலிருந்து பார்த்தவர்கள் எல்லோரும் போயாகிவிட்டது.

மகளுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. போன மாதம் இரண்டு பேரும் பஸ்ஸில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தோம். கீழே கரைக்குக் கரை மணல். இரண்டு லாரிகள் நின்று மணல் வாரிக்கொண்டிருந்தன. அவள் ரொம்ப நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இதுலயாப்பா போச்சு, அம்மா போர்வை?"

ஆமாம் என்று தலையாட்டினேன். ஆற்றில் தண்ணீர் இருந்த காலத்தில் அதைச் சொல்வது சுலபமாக இருந்தது.